தனித்தேர்வரும் குருதத்துவமும்

மதுரை மாவட்டத்தின் வட எல்லையில், திருச்சி நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தென்னந்தோப்புகளும் மானாவாரி நிலங்களும் கண்மாய்க் கரைகளுமாகப் பரந்து கிடக்கும் கொட்டாம்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கோ கயிற்றுத் தொழிலுக்கோ கல்யாணத்துக்கோ போய், சில வருஷங்கள் கழிந்தபின், பிளஸ் டூவை எப்படியாவது எழுதி முடித்துவிட வேண்டும் என்ற சங்கல்பத்தோடு பழைய பாடப்புத்தகங்களைத் தேடி வாங்கி, பகல் வேலை ஓய்ந்த பிறகு திண்ணையில் தன்னந்தனியே உட்கார்ந்து படிக்கிறவர்களைக் காணலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் பாஷையில் அவர்களுக்குத் தனித்தேர்வர் என்று பெயர். அவர்களுக்குப் பள்ளிக்கூடமில்லை, வாத்தியார் இல்லை, சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கப் பக்கத்து பெஞ்சு இல்லை. புத்தகம் உண்டு, தேர்வு உண்டு. இரண்டுக்கும் நடுவே அவர்கள் மட்டுமே உண்டு.

இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் எழுகிற வினா கல்வித் துறையைச் சேர்ந்ததன்று. அது தத்துவத்தைச் சேர்ந்தது. ஆசிரியனுடைய வாய்மொழி இன்றி, ஏட்டின் துணை ஒன்றையே பற்றிக்கொண்டு, ஒரு மனிதனுக்கு மெய்யான அறிவு உதிக்குமா? உதிக்கும் என்றால், குருவை இவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்த நம் சமயங்கள் எல்லாம் மிகைபடக் கூறினவா? உதிக்காது என்றால், அந்தத் திண்ணையில் நள்ளிரவுவரை விழித்திருக்கிற அந்த ஜீவனின் உழைப்புக்கு என்ன அர்த்தம்?

தனித்தேர்வர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் முதலிய பாடங்களையே. ஆய்வுக்கூடத்தில் செய்து காட்ட வேண்டிய செய்முறைத் தேர்வு இவற்றுக்கு இல்லை என்பது வெளிப்படையான காரணம். பௌதிகமோ ரசாயனமோ படிக்க விரும்பினாலும் பள்ளியின் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே 1978-இல் மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் புகுந்த காலம்தொட்டு, ஊர்ப்புறத்து ஏழைக்கு மீந்து நிற்கிற பாடங்கள் என்று இவற்றைச் சிலர் இளப்பமாகக் கருதுவதும் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் கிடையாது. அரசும் பொருளும் பற்றிய அறிவைத்தான் வள்ளுவர் எழுபது அதிகாரங்களில் விரித்தார். அறத்துக்கு அவர் ஒதுக்கியது முப்பத்தெட்டே. அந்தப் பொருட்பாலின் வைப்பு முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முப்பத்தொன்பதாம் அதிகாரம் இறைமாட்சி. அதற்கடுத்து உடனே கல்வி, பிறகு கல்லாமை, அதன்பின் கேள்வி. அரசனைப் பற்றிப் பேசத் தொடங்கிய மறுகணமே படிப்பைப் பற்றிப் பேசி, படிப்பைப் பற்றிப் பேசி முடிக்கும் முன்பே பிறர் வாய்ச்சொல்லைக் கேட்பதைத் தனி அதிகாரமாக வகுத்த அந்தப் பெருமகனார், கற்றல் வேறு கேட்டல் வேறு என்றும், இரண்டும் கூடினாலன்றி அரசு நடத்துகிற அறிவு முற்றாது என்றும் கருதியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கொட்டாம்பட்டியின் தனித்தேர்வருக்கு நாற்பதாம் அதிகாரம் கைக்கெட்டியிருக்கிறது. நாற்பத்திரண்டாம் அதிகாரம் எட்டவில்லை.

அவர்கள் படிக்கிற பாடமே அவர்களைப் பற்றிப் பேசுகிற இடமும் ஒன்று உண்டு. 2002-இல் செய்யப்பட்ட எண்பத்தாறாவது திருத்தத்தால் நம் அரசமைப்பில் 21அ என்னும் பிரிவு சேர்ந்தது. ஆறு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பத்தொன்பது வயதில், குடும்ப பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்ட பிறகு, இந்தப் பிரிவை மனப்பாடம் செய்கிற ஒரு பெண், தான் அந்த உரிமையின் வேலிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அந்த உரிமையைப் பற்றிப் படிக்கிறோம் என்பதை உணர்வாளா, மாட்டாளா? உணர்ந்தால் அவள் அரசியல் அறிவியலைக் கற்றவள். உணராமல் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வந்தால் புத்தகத்தைக் கற்றவள் மட்டுமே. இந்த இரண்டு கற்றலுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் நான் விசாரிக்க விரும்புகிறேன்.

இந்த விசாரணை இந்த மண்ணுக்குப் புதியதன்று. மேலூரிலிருந்து கொட்டாம்பட்டிக்கு வரும் வழியில் கருங்காலக்குடி இருக்கிறது. அங்கே பஞ்சபாண்டவர் குட்டு என்று ஊரார் வழங்குகிற பாறைக் குன்றில் சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகளும், தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் இன்றும் உள்ளன. கீழவளவு, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று சுற்றுவட்டாரத்துக் குன்றுகள் பலவும் அந்த முனிவர்கள் தங்கிய இடங்களே. அச்சமயத்தின் இரு பிரிவினரும் ஒப்புக்கொள்கிற நூல் உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம். அதன் தொடக்கத்திலேயே, நற்காட்சி எவ்வாறு தோன்றுகிறது என்ற கேள்விக்கு, அது தன்னியல்பாகவும் தோன்றலாம், பிறர் உபதேசத்தாலும் தோன்றலாம் என்று இரண்டு வழிகளையும் ஒருங்கே ஏற்று அவர் விடை சொல்கிறார். குருவின்றியும் உண்மை விளங்கலாம் என்று ஒரு சமயம் தன் முதல் நூலின் முதற்பகுதியிலேயே இடம் விட்டு வைத்திருப்பது சாமானியமான காரியமன்று. அதே சமயத்தார் துறவிகளைக் குழுவாக வாழவைத்து, ஆசாரியர், உபாத்தியாயர் என்று படிநிலைகள் வகுத்து, உபதேசத்தை விடாமல் நடத்தினார்கள் என்பதையும் கூடவே நினைக்க வேண்டும். தன்னியல்பால் விளங்கும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பி யாரையும் தனியே விட்டுவிடவும் இல்லை.

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியை இன்னும் நுட்பமாகப் பகுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரமும் அதன் வழிவந்த உரைகளும் உயிர்களை மூன்று தரமாக வைத்து, ஒவ்வொரு தரத்துக்கும் இறைவன் அறிவுறுத்துகிற முறை வேறு என்று காட்டுகின்றன. ஆணவம் ஒன்றே உடைய விஞ்ஞானகலருக்கு அவன் உள்நின்றே உணர்த்துகிறான். ஆணவத்தோடு கன்மமும் உடைய பிரளயாகலருக்குத் தன் திருவுருவோடு எதிரே தோன்றி உணர்த்துகிறான். மாயையும் சேர்ந்து மும்மலமும் உடைய சகலருக்கு, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு, மனித வடிவில் தன்னை மறைத்துக்கொண்டு குருவாக வந்து உணர்த்துகிறான். உடம்போடும் கருவிகரணங்களோடும் பழகிவிட்ட உயிருக்கு, உடம்போடு வந்து வாய்திறந்து பேசுகிற ஒருவர் மூலமாகவே அறிவு எட்டும் என்பது இதன் கருத்து. சீடனைத் தாழ்த்துவதற்காகச் சொன்னதன்று இது. அறிவு எந்த வாசல் வழியாக நுழையும் என்பதை நன்கு அறிந்தவர்கள் சொன்னது.

அந்தச் சூத்திரத்தின் உவமை யாவரும் அறிந்தது. வேடர்களிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னையும் வேடன் என்றே எண்ணியிருக்க, நீ வேடனல்லை, என் மகன் என்று தந்தையே வந்து சொல்ல, அவன் வேடரை விட்டு நீங்குகிறான். இதில் நான் பல காலம் கவனியாமல் கடந்துபோன ஒரு நுட்பத்தை அண்மையில் ஒரு சிறு சம்பவம் எனக்கு விளக்கிற்று.

எங்கள் தெருவில் பூக்கட்டிப் பிழைக்கிற ஓர் இளம்பெண் தனித்தேர்வராகப் படித்துவருகிறாள். ஒருநாள் மாலை பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தை விரித்தபடியே வந்து நின்றாள். தேவை விதி படித்திருக்கிறாள். வளைகோடும் பென்சிலால் அழகாக வரைந்திருக்கிறாள். அவளுடைய கஷ்டம் வேறு. “ஐயா, வெல ஏறுனா வாங்குறது கொறையும்னு போட்டிருக்கு. தை மாசம் மல்லியப்பூ எம்புட்டு வெல ஏறுனாலும் முகூர்த்தத்துக்கு வாங்காமயா இருக்காக? அன்னிக்குத்தான் எனக்குக் கட்டி மாளல. அப்ப இது தப்பா, இல்ல நாந்தான் தப்பாப் படிச்சிட்டனா?” என்று கேட்டாள். குளிரில் வரத்துக் குறைந்து, பொங்கலும் கல்யாணங்களும் ஒருங்கே வந்து, பூவின் விலை மளமளவென்று ஏறுகிற மாதத்தில், விலையோடு சேர்ந்து தேவையும் ஏறுவதை அவள் தன் விரல்களாலேயே கண்டவள். புத்தகத்தை நம்புவதா, விரல்களை நம்புவதா என்று தெரியாமல் வந்திருக்கிறாள்.

நான் அவளுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த விதியை முதலிலிருந்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். “மற்றவை மாறாதிருக்கும்போது” என்று அவள் தொடங்கியதும், அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்து, “முகூர்த்த நாளில் மற்றவை மாறாமல் இருக்கின்றனவா?” என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு அவளே பென்சிலை எடுத்து, முன்பு வரைந்திருந்த கோட்டுக்கு வலப்புறத்தில் இன்னொரு கோடு இழுத்து, “அன்னிக்குக் கோடே நகந்துருதுய்யா, பழைய கோட்டுல வெச்சுப் பாத்தா எப்படிச் சரியா வரும்?” என்றாள்.

வளைகோட்டின் மீதே நகர்வதும் வளைகோடே இடம்பெயர்வதும் வேறு வேறு என்பது பொருளியலின் ஆரம்ப பாடங்களில் ஒன்று. புத்தகத்தில் அது இருக்கிறது. அவளும் அதைப் படித்திருக்கிறாள், கேட்டால் ஒப்பித்திருப்பாள். மல்லிகையின் விலையும் அவளுக்குத் தெரியும். அதை எனக்கே அவள்தான் சொல்லித்தர வேண்டும். ஏட்டறிவும் இருந்தது, அநுபவமும் இருந்தது, இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று அறியாமல் குடியிருந்தன. அரசகுமாரனுக்கும் அவன் அரசகுமாரனாயிருத்தல் புதிதாக வந்ததன்று; வேடர் குடிசையில் இருந்த அத்தனை நாளும் அவன் அரசகுமாரனே. தந்தை அவனுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவனிடம் இருந்ததை அவனுக்குக் காட்டினான். குருவின் தொழில் பொருளை வழங்குவதென்று எண்ணுவதனாலேயே, புத்தகம் இருக்கும்போது குரு எதற்கு என்று கேட்கத் துணிகிறோம். வழங்குவதற்குப் புத்தகம் போதும். அச்சிட்ட புத்தகம் பல ஆசிரியர்களைவிடத் தாராளமாகவே வழங்கும். ஆனால் படிக்கிறவளுடைய எந்தச் சந்தேகம் எந்தச் சொல்லின்மேல் முட்டி நிற்கிறது என்று பார்த்து, அந்தச் சொல்லின்மேல் விரலை வைக்கப் புத்தகத்துக்குக் கண் இல்லை.

சித்தாந்திகள் ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று நான்காக வைத்தார்கள். தனித்தேர்வர் முதற்படியில் கால்வைக்காமலே இரண்டாம் படிக்குத் தாவ வேண்டியவராக இருக்கிறார். இது அசாத்தியமன்று, அந்தப் பெண்ணின் கேள்வியே சிந்தனையின் விளைவுதான், நன்றாகச் சிந்தித்தவளுக்கே அப்படிக் கேட்க வரும். வகுப்பறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த முரண்பாடு தோன்றவே தோன்றாது. யாரும் அதட்டாமல், யாரும் மணியடிக்காமல், உறக்கத்தையும் உடல்வலியையும் ஒதுக்கிவிட்டு ஒரு பக்கத்தை மூன்றாம் முறை படிக்கிறவளின் மனவொடுக்கத்தை நான் தவம் என்றே சொல்வேன். பரஞானம், அபரஞானம் என்று பிரித்து, அரசும் பொருளும் பற்றிய படிப்பை அபரத்தில் தள்ளிவிடலாம். முண்டக உபநிஷதம் வேதங்களையே அந்தப் பக்கத்தில்தான் வைத்தது. ஆயினும் படிக்கிற பொருள் எதுவாயினும், தன்னைத்தானே கட்டி உட்காரவைக்கிற சக்தி ஒன்றுதான். ஆனால் தெளிதல் என்னும் மூன்றாம் படிக்கு ஏறுவதற்கு, நீ கண்டது சரி என்றோ, இங்கே பிசகியிருக்கிறாய் என்றோ சொல்ல ஒரு வாய் வேண்டியிருக்கிறது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்று சித்தாந்தம் கூறும். ஏட்டை மாத்திரம் சார்ந்திருந்தால் ஏட்டின் வண்ணமாகிவிடுகிற அபாயம் தனித்தேர்வருக்கு மற்றவரைவிட அதிகம். விடைத்தாளில் விழுகிற மதிப்பெண் அதை அவருக்குக் காட்டிக்கொடுப்பதில்லை.

ரமண மகரிஷியைச் சுட்டி இதை மறுப்பவர் உண்டு. 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், பதினாறு வயதுப் பள்ளி மாணவராயிருந்த அவர் எந்த மனித குருவும் இன்றி மரண விசாரணையால் ஆத்மாநுபவம் பெற்றார். அண்ணனின் கல்லூரிக் கட்டணமாக இருந்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு புறப்பட்டு, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். அவருடைய வாழ்க்கை பிரத்தியட்ச உண்மை. அதை யார் மறுப்பார்? ஆனால் அவரே அருணாசலத்தைத் தம் குருவாகக் கொண்டார் என்பது ஒருபுறமிருக்க, உள்நின்று உணர்த்தப்படுகிற உயிர்களும் உண்டு என்பதைச் சித்தாந்தம் முன்பே ஏற்றிருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரை அளவுகோலாக வைத்து ஊருக்கெல்லாம் விதி செய்வது தகாது. ஏட்டையே குருவாக வைத்த சமயத்தையும் காட்டுவர். 1708-இல் குரு கோவிந்த சிங் தமக்குப்பின் கிரந்தமே குரு என்று நிலைநாட்டினார். ஆனால் அந்தக் கிரந்தம் தனியறையில் மௌனமாகப் படிக்கப்படுவதோடு நிற்பதில்லை. சங்கத்தின் நடுவே, பலர் கூடியிருக்க, வாய்விட்டு ஓதவும் பாடவும் விளக்கவும் படுகிறது. ஏட்டைக் குருவாக்கியவர்களும் அதைச் சுற்றி மனிதர்களை உட்காரவைத்தார்கள்.

இனி, இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு வரலாற்றுக்கு வருகிறேன். கொட்டாம்பட்டியைப் போலவே மேலூர் வட்டத்தைச் சேர்ந்தது திருவாதவூர். அவ்வூரில் பிறந்து பதினாறு வயதுக்குள் கலைகள் அனைத்தும் கற்றுத் தேர்ந்து, பாண்டியனுடைய அமைச்சராகித் தென்னவன் பிரமராயன் என்ற பட்டமும் பெற்றவர் வாதவூரர். அரசியலும் பொருளியலும் அவருக்குப் பாடமல்ல, அன்றாட அலுவல். பாண்டியன் கருவூலத்துப் பொன் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டு, குதிரை வாங்க அவர் அனுப்பப்பட்டதே அதற்குச் சான்று. இத்தனையும் கற்றவருக்குத்தான் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில், குரு தேவைப்பட்டார். சகலாகம பண்டிதர் என்று பேர் பெற்ற அருணந்தியார் வயதில் மிக இளையவரான மெய்கண்டாரிடம் சீடரானதும் இதே ஜாதியைச் சேர்ந்த செய்திதான்.

வாதவூரர் கதையில் எல்லோரும் கண்ணீரோடு பேசுவது அவர் உருகியதைப் பற்றி. என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். அவர் குருவைத் தேடிப் புறப்படவில்லை. குதிரை வாங்கப் புறப்பட்டார். குருதான் அவர் வரும் வழியில் முன்கூட்டியே வந்து, மரத்தடியில் அடியார் கூட்டத்தோடு அமர்ந்து காத்திருந்தார். அக்கதையின் பிற்பகுதியிலும் அப்படியே. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவு என்று மன்னன் பங்கு வகுத்துவிட்டபோது, ஆளனுப்ப வகையற்ற வந்திக் கிழவி யாரையும் தேடிப் போகவில்லை. கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு இறைவனே தெருவில் வந்தான். பக்குவம் அடைவது சீடன் கடமை. வந்து சேர்வது குருவின் கடமை. நம் சமயம் இப்படித்தான் வேலையைப் பங்கிட்டிருக்கிறது. தவித்த வாய்க்குத் தண்ணீர் தேடி அலைகிற பாரத்தையும் தவிப்பவன் தலையிலேயே அது சுமத்தவில்லை.

நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். தனியே படித்துத் தேறியவரின் புகைப்படத்தைப் போட்டு, விடாமுயற்சி என்று வியந்து பாராட்டிவிட்டு, அவருக்கு ஆசிரியரை அனுப்பாதிருந்த குறையை அந்தப் பாராட்டுக்குள்ளேயே மறைத்துவிடுகிறோம். ஏகலைவன் கதையில் நான் துக்கப்படுவது கட்டைவிரலுக்காக மட்டுமன்று. கற்பிக்க மறுத்த துரோணர், தட்சிணையை மட்டும் வந்து வாங்கிக்கொண்டார். அரசைத் துரோணர் என்று சொல்ல நான் வரவில்லை. பாடநூல்களை மலிவு விலைக்கு அச்சிட்டுத் தருவதும், பள்ளி நீங்கியவருக்கும் தேர்வெழுதும் வழியைத் திறந்து வைத்திருப்பதும் பெரிய உபகாரங்கள். எத்தனையோ நாடுகளில் ஏழைக்கு அந்த வழியும் கிடையாது. அன்றியும், கற்பிப்பவர் கற்பவரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் அரசுக்கே தோன்றி, 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டமாக உருப்பெற்றது. தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே வந்து மாலை வேளைகளில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. உரிமை பதினான்கு வயதில் நின்றுவிடுகிறது. இல்லம் தேடி வந்த ஆசிரியரும் எட்டாம் வகுப்போடு திரும்பிவிட்டார். பக்குவம் முதிர்ந்து, கேள்வி கனிந்து, பதிலுக்கு ஒரு விரல் மட்டுமே தேவைப்படுகிற வயதில் நம் பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டிய காரியமும் அன்று இது. பொருளியலும் வரலாறும் கற்பித்து ஓய்வுபெற்றவர்கள் இந்த வட்டாரத்தில் அநேகர் இருக்கிறார்கள். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் வேலை பார்த்து, வட்டியும் வரியும் வரவுசெலவுத் திட்டமும் கைப்பழக்கமாகத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். தங்கள் தெருவில் தனித்தேர்வுக்குப் படிக்கிறவர் யார் என்று விசாரித்து, வாரத்தில் ஒரு மாலை அந்தத் திண்ணைக்குத் தாங்களே போய் உட்கார்ந்து, இந்த வாரம் எங்கே முட்டிற்று என்று கேட்க வேண்டும். பாடம் நடத்த வேண்டாம். அதைப் புத்தகம் செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பூக்காரப் பெண் இப்போது நிதியியல் பகுதிக்கு வந்துவிட்டாள். நேர்முக வரி கட்டுபவர் மேலேயே தங்கும், மறைமுக வரி பிறர் மேல் நகரும் என்று படித்துவிட்டு, பூக்கட்டுகிற நூலுக்குத் தான் கொடுக்கிற விலையில் வரி எவ்வளவு, அதைத் தான் யார்மேல் நகர்த்துவது என்று கேட்டிருக்கிறாள். வணிகவரித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன்.